ஆட்டுக்குன்னு வாங்குன கீர

எங்க வூட்டுக்காரரு மெட்ராசுல இருந்து காலு வீங்கி வந்து எறங்கினப்போ, சேரி சனம் மொத்தமும் சந்தோசப்பட்டுச்சு. ஆளு சத போட்டுட்டான்னு.

"மெட்ராசு தண்ணி ஒத்துக்கிச்சி பாரு, மூஞ்சி கூட உப்பிகினு கீது"ன்னாங்க. நானும் அப்டிதான் நெனச்சேன். புருசன் குண்டா வந்தா எந்தப் பொண்டாட்டிக்குதான் பெரும இருக்காது? ஆனா உத்தரமேரூரு பஸ்ஸு ஸ்டாண்டுல காலைல எறங்குன மனுசன் எங்க சேரிக்கு வந்து சேரும்போது உச்சி பொயுதாயிப்போச்சி. ரெண்டு மைலு தூரம். ஏரிக்கர மேல மூணு எடத்துல குந்திட்டாராம். அத்த கேட்டப்பதான் இது சத இல்லன்னு எனக்குப் பட்டுச்சி.

எங்க சேரி உத்தரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவுல. சொந்தமா ஒரு சாணு நெலம் கெடையாது. நெல்லு நடுவோம், கள புடுங்குவோம், அறுப்போம், அடிப்போம். துன்றது மட்டும் கேவுரு. கூழு, களி, இல்லன்னா அடை. அரிசிச் சோறுன்னா பொங்கலு, கண்ணாலம், சாவு, அவ்ளோதான். அதனால அரிசி துன்றவன் பெரிய மனுசன், கூழு குடிக்கிறவன் சின்ன மனுசன்னு எங்களுக்கு ஒரு எண்ணம்.

அந்த எண்ணத்த மூட்ட கட்டிகினு போனவரு இவரு. மெட்ராசுல மாடி கட்டுற எடத்துல கலவ சட்டி தூக்குற வேல. கண்ணாலம் ஆன மறு வருசமே போயிட்டாரு. தீவாளிக்கு வந்தாருன்னா அங்க துன்றதப் பத்தி ஒரே பேச்சு. காலைல நாஷ்டா, டீயும் பன்னும். மத்தியானம் கிளப்புக் கடைல சோறு. "மல்லிப்பூ மாரி இருக்கும்மே! ரெண்டு தபா மிஷின்ல தீட்டுன அரிசி. கைல எடுத்தா ஒட்டாது"ன்னுவாரு. சாயங்காலம் மறுபடி டீ, பன்னு. "கூழு?"ன்னு கேட்டா, "கூழா! கண்ணால பாத்து ரெண்டு வருசம் ஆவுது"ன்னு சிரிப்பாரு. நானும் வாயப் பொளந்துகினு கேட்டுகினு இருப்பேன்.

இப்போ அதே மனுசன் கயித்துக் கட்டில்ல குந்திகினு, "பாதம் மரத்துப்போன மாரி கீதுமே, செருப்பு அவுந்து போனா கூட தெரிய மாட்டேங்குது"ன்றாரு.

ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனேன். டாக்டரு நேரா கால புடிச்சி கணுக்காலுக்கு மேல கட்ட வெரலால ஒரு அமுத்து அமுத்துனாரு. வெரல எடுத்தா அந்த எடத்துல குயி. தண்ணி ஊத்துனா நிக்கும் போல, அப்டியே இருந்துச்சி.

"என்னய்யா சாப்பிடற?"

இவரு நெஞ்ச நிமித்திகினு, "வெள்ள அரிசி சார். ரெண்டு தபா தீட்டுனது"ன்னாரு.

"சத்தெல்லாம் தவிட்டோட போயிடுச்சு. சக்கைய வாங்கித் தின்னுட்டு வந்திருக்க. இதுவே நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல." அப்பறம் எம்பக்கம் திரும்புனாரு. "ஊசி நான் போடறேன். சாப்பாடு நீதாம்மா பாக்கணும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, தவிடு. வெள்ளச் சோறு கூடாது."

வெளில வந்ததும் இவரு காறித் துப்புனாரு. "பணக்காரன் போனா ஆப்புளு எயுதுவான். நம்ம மூஞ்சியப் பாத்தான் இல்ல, தவுடுன்றான்."

மேஸ்திரி வேற, ஆடி கயிஞ்சி வான்னு சொல்லி அனுப்பியிருந்தான். அப்பவும் சட்டி தூக்க முடியலன்னா வேற ஆளு வெச்சிப்பேன்னுட்டானாம். இவருக்கு வேல போயிடுமேன்னு பயம். எனக்கு இவரே போயிடுவாரேன்னு பயம். வவுத்துல புள்ள கூட இல்ல அப்போ. இவரும் போயிட்டா எனக்குன்னு இன்னா கீது?

இதுல சேரி சனம் பண்ண உபகாரம் இன்னா தெரியுமா? ஆளு ஒடம்பு சரியில்லன்னதும், பொங்கலுக்குன்னு பானைல பத்தரமா வெச்சிருந்த அரிசிய ஆளுக்கு ஒரு கை எடுத்துகினு வந்தாங்க. "நோவாளிக்கு கூழா ஊத்துவ? இந்தா, சோறாக்கிப் போடு"ன்னு. தன் வூட்டு புள்ளைங்களுக்கு இல்லாம தராங்க. வேணான்னு எப்டி சொல்றது? எந்த அரிசி காலு வீங்க வெச்சிச்சோ அதே அரிசி, அத்தன பாசத்தோட வந்து குமிஞ்சிச்சி. அத்த எல்லாம் ஒரு பானைல கொட்டி மூடி வெச்சேன். சோறாக்கித் தர சொல்லி இவரு கத்துனாரு. "டாக்டரு பாத்து சொல்லட்டும்யா"ன்னு தட்டிக் கயிச்சேன்.

சரி, முருங்கைக்கீரைக்கு எங்க போறது? எங்க சேரில இருந்த ஒரு மரமும் முன்ன அடிச்ச காத்துல சாஞ்சி போச்சி. உத்தரமேரூரு பஜாரு தெருவுல ஒரு சாயபு வூடு. நா அங்கதான் வெராட்டி போடுவேன். வூட்டுக்குப் பின்னால பெரிய முருங்க மரம். முன்னால கடை, அதுல தவுடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்ட. டாக்டரு சொன்ன கீரயும் தவுடும் ஒரே வூட்ல!

கேட்டா சாயபு வூட்டம்மா பீபியம்மா குடுப்பாங்க, நல்ல மனசு. ஆனா வாயத் தொறந்து எப்டி கேக்கறது? மெட்ராசு போன ஆம்பளைக்கு தவுடு துன்ன குடுக்கறேன்னு சொன்னா பஜாரே சிரிக்கும். பஞ்ச காலத்துலதான் மனுசன் தவுடு துன்னுவான். வாயில இன்னாமோ வந்துச்சி, சொல்லிட்டேன்.

"ஆட்டுக்கு வேணும் பீபியம்மா."

"ஆடு வாங்கிட்டியா? சொல்லவே இல்ல! பொட்டையா, கெடாவா?"

"கெடா"ன்னேன். அது பொய்யில்ல இல்ல?

"எப்டி கீது?"

"இப்போதைக்கு எயுந்து நிக்கவே பேஜாரு பண்ணுது. நல்லா துன்னா தேறிடும்."

பாவம், பீபியம்மா கெளை கெளையா ஒடச்சிக் குடுத்தாங்க. தவுடு ஒரு மொறம், புண்ணாக்கு ஒரு துண்டு. வெராட்டி போடுற கூலில கயிச்சிக்கலாம்னாங்க.

இவருகிட்ட வேற பொய்யி. தவுட்ட நல்லா சலிச்சி, வாணால்ல வாசன வர வறுத்து, கேவுரு மாவும் வெல்லமும் போட்டுப் பெசஞ்சி, அடையா தட்டி சுட்டேன். "இன்னாது இது?"ன்னாரு. "ஆஸ்பத்திரி பவுடருய்யா. நோவாளிங்களுக்குன்னு கெவுருமெண்டு குடுக்குது"ன்னேன். கெவுருமெண்டுன்னதும் மனுசன் ரெண்டு துன்னாரு. மறுநாளு மூணு. பக்கத்து வூட்டுக்காரன்கிட்ட, "சீமைல இருந்து வர்ற பவுடரு, உங்களுக்கெல்லாம் கெடைக்காது"ன்னு பீத்திக்கினாரு. நா அடுப்பாண்ட குனிஞ்சி முந்தானைய வாயில அடச்சிக்கினேன். கீரைய கடஞ்சி அதோட வெச்சிடுவேன். கடல வறுத்து மடில கட்டி உடுவேன். கூழு மட்டும், "நாக்குக்கு ருசியா இருக்கட்டும்"னு வெங்காயம் கடிச்சிக்க குடுத்து உள்ள தள்ளுனேன்.

பதினஞ்சி நாளுல கொல்லப்பக்கம் தானா போயிட்டு வந்தாரு. காலு அமுத்துனா குயி சீக்கிரமா மூடிகிச்சி.

வெராட்டி போடப் போறப்பல்லாம் பீபியம்மா வெசாரிப்பாங்க. "கெடா எப்டி கீது?"

"நடக்குது பீபியம்மா. கொரலு கூட வந்துட்ச்சி, சும்மா சும்மா கத்துது."

"முட்டுதா?"

"அதுக்கு இன்னும் நாளு கீது."

இப்டி வாய வெச்சிகினு சும்மா இல்லாம வளத்தேன் பாருங்க, அதுதான் வென. ஒரு நாளு பீபியம்மா, "பக்ரீத்து வருது. எங்க தவுடு, எங்க கீர துன்னு வளந்த கெடாதானே, நாங்களே வாங்கிக்கிறோம். அவரு வந்து பாப்பாரு"ன்னாங்க. "வித்துட்டேன்"னு சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பாத்து ஒரு பொய்யி கூட வரல.

ரெண்டு நாளு கயிச்சி உச்சி வெயில்ல சாயபு சைக்கிள்ல வந்துட்டாரு. இவரு பூவரச மரத்து நெழல்ல குந்திகினு அடை துன்னுகினு கீறாரு. தட்டுல முருங்கைக்கீர.

"கெடா எங்கப்பா?"

"இன்னா கெடா சாயபு? எங்க வூட்ல கோயிக்குஞ்சு கூட இல்லியே."

"ஒரு மாசமா தவுடு, புண்ணாக்கு, முருங்கைக்கீர எல்லாம் எங்க வூட்ல இருந்துதானே வருது? கெடாவுக்குன்னு."

இவரு தட்டப் பாத்தாரு. என்னியப் பாத்தாரு. சாயபுவும் தட்டப் பாத்தாரு, அப்பறம் இவரு வீங்கி வத்துன காலப் பாத்தாரு. பெரிய மனுசன், எல்லாம் புரிஞ்சிப்போச்சி. சிரிக்கல. தொப்பிய கயட்டி மடில வெச்சிகினு மண்ணுல குந்துனாரு. "அதுல ஒரு துண்டு குடும்மா"ன்னாரு. மென்னு பாத்துட்டு, "வெல்லம் கொஞ்சம் தூக்கலா போடலாம்"னாரு. எயுந்து சைக்கிள தள்ளிகினு போயிட்டாரு.

அவரு தல மறஞ்சதும் தட்டு பறந்துச்சி.

"நா இன்னா மாடா? ஊரே சிரிக்க என்னிய ஆடுன்னு சொல்லி வெச்சிருக்க! தவுடு போட்டியா எனக்கு, தவுடு?"

நா இன்னா சொன்னாலும் கேக்கல. மூடி வெச்சிருந்த அரிசிய அவரே எடுத்து, அவரே ஒல வெச்சி, வெள்ளச் சோறா ஆக்கித் துன்னாரு. அடுத்த நாளும் அதேதான். பானை தீர்ற வரைக்கும். கூட ரசம். என்கூட பேச்சில்ல. நா என் பங்கு அடைய சுட்டுத் துன்னுட்டு கள புடுங்கப் போயிட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சி. அத்த யாருகிட்ட சொல்றது?

பீபியம்மாகிட்ட போயி தல குனிஞ்சி நின்னேன். அவங்க கோவம் வேற.

"அறிவு கெட்டவளே! ஆட்டுக்குன்னு சொன்னதால முத்துன எலையா பாத்து ஒடச்சிக் குடுத்தேன்டி. தவுடு கூட கோணி அடில இருந்த பயசு. மனுசனுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொயுந்தா பறிச்சி, புதுத் தவுடா குடுத்திருக்க மாட்டேன்?" சொல்லிட்டு மூக்க உறிஞ்சினாங்க. "எனக்குப் புள்ள பொறந்தப்போ எங்கம்மா முருங்கைக்கீரதான் ஆக்கிப் போட்டாங்க. இதுல இன்னாடி வெக்கம்?"

வெக்கப்பட்டு நா மிச்சம் பண்ணது இன்னா? பூச்சி அரிச்ச தவுடு. பொறுக்கி பொறுக்கி சலிச்சது எனக்குதானே தெரியும்.

அன்னிக்கு வூட்டுக்கு வந்தா, இவரு கட்டில்ல குந்திகினு தன் கால தானே கட்ட வெரலால அமுத்திகினு கீறாரு. எடுக்கறாரு, பாக்கறாரு. மறுபடி அமுத்தறாரு. குயி அப்டியே நிக்கிது, மொத நாளு டாக்டரு அமுத்துனப்போ நின்ன மாரியே. நா வந்தத பாத்துட்டு கால இயுத்துகினாரு. நா அடுப்பு மூட்டுனேன்.

இவரு செவுத்தப் பாத்துகினே, "அந்த ஆட்டுத் தீனி மிச்சம் கீதா?"ன்னாரு.

"புதுசே கீது. கொயுந்துக் கீர."

"வெல்லம் தூக்கலா போடு. சாயபு சொன்னாரு இல்ல."

ஆடி கயிஞ்சி மெட்ராசுக்குக் கெளம்புனாரு. தனியா இல்ல. தனியா போனா பன்னும் டீயும்தான், எனக்குத் தெரியும். "நீ வந்தா அங்க எங்க படுப்ப?"ன்னாரு. "நீ படுக்கிற எடத்துல"ன்னேன். கேவுரு ஒரு மூட்ட, தவுடு ஒரு மூட்ட, பீபியம்மா நெழல்ல காய வெச்சிக் குடுத்த முருங்கைக்கீர ஒரு பானை. பஸ்ஸுல கண்டக்டரு, "மாட்டுக்கு தீனி ஏத்தக்கூடாதும்மா"ன்னான். இவரு எயுந்து, "அது என் தீனிதான், ஏத்துய்யா"ன்னாரு.

மெட்ராசுல துன்றதுக்கு இல்லன்னு யாரு சொன்னது? கட்டடம் கட்டுற எடத்துலயே ஓலையில ஒரு குடிச. மூணு செங்கல்லு வெச்சா அடுப்பு. கீரக்காரி காலைல வந்தா யான வெல. சாயங்காலம் வாடுன கட்ட வந்த வெலைக்கு தள்ளிட்டுப் போவா, நா அப்பதான் போவேன். காலி மனைல பொன்னாங்கண்ணி கெடந்து மெதிபடும், அத்த காசு குடுத்து வாங்குவாங்களா? நெத்திலி கருவாடு நாலு கைப்புடி வாங்குனா வாரம் ஓடும். கிளப்பு சோறு துன்னுட்டு சுருண்டு படுக்கற ஆளுங்க நெறைய பேரு அங்க இருந்தாங்க. அவுங்க கால எல்லாம் நா பாத்துகினேதான் இருந்தேன்.

மேஸ்திரி மொத நாளே, "ஏறு, பாக்கலாம்"னான். சட்டில ஈரக் கலவ ரொப்பி தலையில வெச்சான். சாரம் கட்டியிருந்துச்சி, மூணாவது மாடி வரைக்கும். இவரு ஏறுனாரு. மொத மாடி. ரெண்டாவது மாடில நின்னாரு. கைய மூங்கில்ல வெச்சிகினு மூச்சு வாங்குனாரு. மேஸ்திரி என்னியப் பாத்தான். நா அவன பாக்கல.

அப்பறம் ஒரு காலு மேல போச்சி. இன்னொரு காலு.

கலவய கொட்டிட்டு கீய வந்தாரு. சட்டைய அவுத்து மூஞ்ச தொடச்சிகினு, மேஸ்திரி எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே, "இன்னொரு சட்டி ரொப்பு"ன்னாரு. மேஸ்திரி ரொப்புனான். "நாளைக்கு வெள்ளன வந்துரு"ன்னுட்டு சுண்ணாம்புத் தொட்டி பக்கம் போயிட்டான்.

இவரு மறுபடி ஏறுனாரு. நா மணலு மேட்டுல குந்திகினு, அண்ணாந்து அந்த ரெண்டு காலையுமே பாத்துகினு இருந்தேன். இந்தத் தபா ரெண்டாவது மாடில நிக்கல.