சங்கிலியின் மறுமுனை

நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை, சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த என் அத்தா, "அல்லாவுக்கு மட்டும் பயந்தா போதும் மெஹரு, மத்ததெல்லாம் சும்மா" என்று சொல்லியே என்னை வளர்த்தார். அதனால் நான் இதைப் பயத்தில் சொல்லவில்லை. நடந்தது நடந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் இருக்கும். தாவரவியல் படித்துவிட்டு வனத்துறையில் தினக்கூலி அளவை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பதவி என்று சொன்னால் கடைசிப் படிக்கும் கீழே. காப்புக்காடுகளின் எல்லையைப் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு மறுபடி அளக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளை காட்டுக்குள் சங்கிலி இழுத்துக்கொண்டு திரிகிறாளே என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போவார்கள், எனக்கோ அந்தச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது ஏதோ பெரிய அதிகாரி ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

வேலை இதுதான். முப்பது மீட்டர் இரும்புச் சங்கிலி, இரண்டு முனையிலும் கைப்பிடி. முன்முனையை நான் பிடித்துக்கொண்டு திசைகாட்டியைப் பார்த்து நடப்பேன், பின்முனை ஏழுமலை அண்ணன் கையில். சங்கிலி நீண்டதும் "சரியா?" என்று கத்துவேன், அவர் விறைப்பாக இழுத்துப் பிடித்து "சரி" என்பார், நான் அந்த இடத்தில் ஒரு இரும்புக் கம்பியை நட்டுவிட்டு மேலே போவேன். அவர் பின்னால் வந்து, அந்தக் கம்பியில் பின்முனையை வைத்து அடுத்த அளவு முடிந்ததும் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். மொத்தம் பத்துக் கம்பி. முள்ளுக் காட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான்.

அன்றைக்கு அளந்தது திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு சின்ன மலையடிவாரக் காடு. மேற்குப் பக்கம் ஒரு கல்குவாரி. காட்டுக்குள் போகிற வண்டிப்பாதைதான் எல்லை, அதுவரை எங்கள் இடம் என்று குவாரிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரைபடத்தில் எல்லை அதற்கும் மேற்கே இருந்தது, ஆனால் அங்கே இருக்க வேண்டிய பழைய எல்லைக்கல்லை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வாரம் இரு தரப்பும் சேர்ந்து பார்வையிட நாள் குறித்தாகிவிட்டது. "கல்லு கிடைக்கலேன்னா அவங்க சொல்றதுதான் எல்லை" என்று ரேஞ்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வைகாசி வெயில், காலை பத்துக்கே கண் கூசியது. ஏழுமலை அண்ணன் செய்யூர் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத மனிதர். "இன்னா மேடம், வெயிலு மண்டைய பொளக்குது, நாஸ்தா கூட துண்ணாம வந்துகீறேன்" என்று புலம்பிக்கொண்டேதான் சங்கிலியைப் பிரித்தார். முதல் மூன்று சங்கிலி வரைக்கும் அந்தப் புலம்பல் பின்னாலேயே வந்தது. நாலாவதிலிருந்து நின்றுவிட்டது. களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"சரியா?" என்பேன். "சரி" என்று வரும். ஆண் குரல், கொஞ்சம் கரகரப்பு. ஆறாவதிலோ ஏழாவதிலோ சங்கிலி தொய்வது போல எனக்குப் பட்டது, "அண்ணே, நல்லா இழுங்க!" என்று கத்தினேன், ஒரே இழுப்பு, கைப்பிடி என் விரலை உரித்துக்கொண்டு போய்விட்டது. கோபம்தான் வந்தது எனக்கு, வேறெதுவும் தோன்றவில்லை.

எட்டாவது சங்கிலியில் பெரிய காரைப் புதர் ஒன்று குறுக்கே நின்றது. சுற்றிக்கொண்டு வந்ததில் அளக்கிற கோட்டிலிருந்து விலகிவிட்டேன், எனக்கே அது தெரியவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது. "மேக்கால."

ஏழுமலை அண்ணன் வாயில் திசை வராது, லெஃப்ட்டு மேடம், ரைட்டு மேடம் என்றுதான் சொல்வார். நான் இடப்பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

"இன்னும் மேக்கால."

திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன், அந்தக் குரல் சொன்னதுதான் சரி. நகர்ந்து கம்பியை நட்டேன். அந்தக் கோட்டில் பத்தாவது சங்கிலி முடிகிற இடத்தில் கால் இடறி விழுந்தேன் பாருங்கள், முள்ளுக்கு அடியில் ஒரு கற்குவியல், நடுவில் சாய்ந்த கல், மண்ணைத் துடைத்தால் செதுக்கிய எண். எங்கள் வரைபடத்தில் இருந்த அதே எண். அங்கிருந்து நாலடி தள்ளி நின்று பார்த்தால் குவாரிப் பள்ளம். பள்ளத்தின் கிழக்குப் பாதி முழுக்கக் காட்டுக்குள் இருந்தது.

"அண்ணே! கிடைச்சிடுச்சு, ஓடி வாங்க!"

இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே திரும்பி ஓடினேன். ஒன்பதாவது கம்பி நட்டபடி நிற்கிறது, சங்கிலியின் கைப்பிடி அதில் ஒழுங்காக மாட்டியிருக்கிறது, பக்கத்தில் தரையில் எட்டுக் கம்பிகள் அடுக்கி வைத்திருக்கின்றன. ஆளைக் காணோம். கூப்பிட்டுக்கொண்டே வந்த வழியே நடந்தேன். மூன்றாவது கம்பி நட்ட இடத்தில், ஒரு வேல மரத்தடியில், ஏழுமலை அண்ணன் மல்லாந்து கிடந்தார். உதடெல்லாம் வெளுத்து, நினைவே இல்லை. இடுப்பில் ஒரு கம்பி கூட இல்லை.

என் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர் முகத்திலும் வாயிலும் ஊற்றினேன். கண் திறந்ததும் அவர் கேட்டது, "ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றுதான். நாலாவது சங்கிலிக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நான் அளந்திருக்கிறேன். அவரைத் தோளில் சாய்த்து ரோட்டுக்கு இழுத்து வந்து, ஒரு டிராக்டரை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிழைத்துக்கொண்டார்.

அளவைப் புத்தகத்தில் சங்கிலி பிடித்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. ஏழுமலை என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. என் கை போகவில்லை. நேரே ரேஞ்சரிடம் போய், "நாலாவதிலிருந்து யார் பிடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "யாரும் பிடிக்காம சங்கிலி விறைக்குமாம்மா?"

"விறைக்காது சார். அதனாலதான் சொல்றேன். வேற ஆள வெச்சு மறுபடி அளந்துடலாம்."

மறுநாள் வேறு இரண்டு பேர் வந்து அதே பத்துச் சங்கிலியை அளந்தார்கள். ஏழுமலை அண்ணன் பிடித்த மூன்றில் ஒரு சாண் வித்தியாசம். முள்ளுக் காட்டில் அது சகஜம், எப்படியும் வரும். மீதி ஏழில் ஒரு விரல்கடை கூட இல்லை. ரேஞ்சர் புத்தகத்தை மூடிவிட்டு, "இந்த ஏழு யார் பிடிச்சதோ, நல்ல வேலைக்காரன்" என்றார்.

பார்வையிட வந்த குவாரியின் சர்வேயர் என் அளவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார், தப்புப் பிடிக்க முடியவில்லை. "யாரு அளந்தது?" என்று கேட்டபோது ரேஞ்சர் என் பக்கம் கையைக் காட்டினார், கேன்வாஸ் ஷூவும் கீறல் விழுந்த கையுமாக நின்றிருந்தேன், வயது இருபத்து மூன்று. குவாரி பின்வாங்கியது. அந்த இடம் இப்போது காடாகிவிட்டது, புகைப்படம் காட்டுகிறேன். பரீட்சை எழுதி நிரந்தரமாகி இத்தனை வருடத்தில் எவ்வளவோ அளந்துவிட்டேன், அன்றைக்கு அளந்த அந்தக் கோடு போல ஒன்று அமையவில்லை.

சில வருடம் கழித்து ஏழுமலை அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் செய்யூர் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், அன்னிக்கி உங்களுக்கு ஒரு நன்றி கூட சொல்லல நானு. கண்ணு இருட்டிகினு வருது, விழப் போறேன், நீங்க வந்து சங்கிலிய வாங்கிக்கினு, 'நீங்க படுத்துக்குங்க அண்ணே, நான் புடிச்சிக்கிறேன்'னு சொன்னீங்க பாருங்க. அதான் கவலையில்லாம படுத்துட்டேன்."

நான் முன்னால்தான் இருந்தேன், திரும்பியே வரவில்லை என்றேன்.

"இன்னா மேடம் வெளாடுறீங்க," என்று சிரித்தார். "உங்க கொரலு எனக்குத் தெரியாதா?"