படத்தில் இருந்த வெள்ளைத் தரை

சவுதியின் ஜுபைலில் ஓர் ஆலையில் டெக்னீஷியனாக இருந்த என் அப்பா, அங்கே எங்கள் வீட்டுச் செடிகளுக்கு நிழல்வலை கட்ட விரும்பினார். கம்பம் நடக் குழி தோண்டும் பேட்டரி மெஷின் தேவைப்பட்டது. அஞ்சல்வழியில் இலக்கியம் படிக்கும் என்னிடம், "படிக்கிற புள்ள, நீயே வாசிச்சுப் பாத்து ஆர்டர் போடும்மா" என்றார்.

நான் படத்தை மட்டும் பார்த்தேன். மெஷின் ஒரு வெள்ளைத் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தது. உப்புப் பூத்த நிலத்தையே பார்த்து வளர்ந்த நான், அதுவும் அத்தகைய நிலம்தான் என்று நம்பினேன்.

முதல் குழியிலேயே அது கெட்டித்தரையில் சிக்கிச் சுழன்று, அப்பாவின் வலது மணிக்கட்டை முறித்தது. மருத்துவமனையில் காத்திருந்தபோதுதான் கையேட்டைப் படித்தேன். உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதற்காகப் பனிக்கட்டியைத் துளைக்கும் மெஷின் அது.

"ஜுபைல்ல ஐஸு நம்ம ஃப்ரிட்ஜுலதானம்மா இருக்கு!" என்று அப்பா வலியோடு சிரித்தார்.

கட்டுப் பிரித்த பிறகும் ஆலையில் வால்வைத் திருப்ப அந்தக் கைக்கு வலுவில்லை. "லீவு முடிஞ்சதும் கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னுட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் விவரத்தைக் கடைசி வரிவரை படிக்கிறேன். ஊர் திரும்பப் பெட்டிகளை ஒட்டும் டேப்பையும் நேற்று அப்படிப் படித்துத்தான் வாங்கினேன்.