நான் படித்துக் காட்டாத அரைப்பக்கம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் எனக்கு அது பதினான்காவது வருஷம். எங்கள் லைனில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. மிஷின் நம்பர்தான் பெயர். நான் ஐந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆறு. என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதால் ஒரு அக்காவும் சேர்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

மதியம் அரைமணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. வியாழக்கிழமை என்றால் அந்த அரைமணி எங்களுக்குத் திருவிழா. அன்றைக்குத்தான் வாரப்பத்திரிகை வரும். காலையில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன்னால் பெட்டிக்கடையில் வாங்கிவிடுவேன். ஷெட்டில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். தொடர்கதையை நான் சத்தமாகப் படிப்பேன். வியாழக்கிழமை மட்டும் யாரும் அப்பளம் கொண்டுவரக் கூடாது என்று ஒரு சட்டம். நொறுங்குகிற சத்தத்தில் ஒரு வரி காதில் விழாமல் போய்விடும் இல்லையா? லேட்டாக வந்தவருக்கு முன்கதை சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

அதில் தொடர் எழுதிவந்த ஒரு பெண் எழுத்தாளரின் கதையென்றால் எங்களுக்கு உயிர். பெரிய விருதெல்லாம் வாங்கியவர் இல்லை. டிவியில் வந்தவரும் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற பொம்பளைகளின் மனசை அவரைப்போல யாரும் எழுதி நான் படித்ததில்லை. பதினோரு வருஷத்தில் அவருடைய எட்டுத் தொடர்களை அந்த ஷெட்டில் உட்கார்ந்து முடித்திருக்கிறோம். நாங்கள் அவரை ‘அம்மா’ என்றுதான் சொல்வோம். ஒருவரும் நேரில் பார்த்தது கிடையாது.

ஆறுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் படித்து முடித்த பக்கங்கள் அவளிடம்தான் போகும். தொடர் முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய வேஸ்ட் லைனிங் தோலை அட்டையாக வைத்துத் தன் மிஷினிலேயே ஒரு தையல் போட்டுவிடுவாள். அப்படி எட்டுப் புத்தகங்கள் அவள் வீட்டுப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருந்தன. உனக்கு எதுக்குடி, நீயா படிக்கப்போறே என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் ஒன்பதாவது தொடர் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் வீட்டை விட்டு வந்த ஒருத்தி, மலை ஊரில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்து தனியாகக் காலூன்றுகிற கதை. அந்த வியாழக்கிழமை அத்தியாயம், பத்து வருஷம் கழித்து அந்தப் புருஷன் அவள் வாசலில் வந்து நிற்பதோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே கட்டம் கட்டி அரைப்பக்கம். பஸ்ஸில் வரும்போதே படித்துவிட்டேன்.

அம்மா எழுதியிருந்தார். தன் உடம்பில் இருக்கிற நோய்க்கு இனி மருந்து இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். வலியாவது குறையட்டும் என்று வேலூருக்கு வந்திருக்கிறாராம், இன்னும் சில வாரம் அங்கேதான் இருப்பாராம். பேனா பிடிக்க முடியவில்லை, இந்தக் கதையை முடிக்காமல் போகிறேன், மன்னித்துவிடுங்கள் என்று கடைசி வரி.

மாதனூர் தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். சொந்தத்தில் ஒருவருக்கு வந்ததுபோல இருந்தது.

படித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் ஆறு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் அம்மா அதே நோயில் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வியாழக்கிழமைதான் முதல் தடவையாகச் சிரித்தாள். இன்னாக்கா, வாசல்ல வந்து நின்னுட்டானா, அடுத்த வாரம் இருக்கு அவனுக்கு என்று கையைத் தட்டிச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அரைப்பக்கத்தைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் பெண் படிக்க வேண்டுமாம், அப்புறம் தருகிறேன் என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை என்ன செய்வது? பத்திரிகையில் கதை இல்லை. அந்த இடத்தில் வாழைப்பூ வடை செய்முறை போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தையே விரித்துப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கடலைப்பருப்பு ஊறவைக்கிற படத்தைப் பார்த்தபடி, வாசலில் நின்ற புருஷனை அழவைத்தேன். பக்கத்தைக் கேட்ட ஆறிடம், என் பெண் படிக்கட்டும் என்று அதே சாக்கைச் சொன்னேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஆறுக்காகத்தான் செய்தேன். இரண்டாவது வாரம் எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஐந்து பேர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்கள். ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போதுகூட அடுத்த அத்தியாயம்தான் மண்டைக்குள் ஓடியது. மூன்றாவது வாரம் அந்தப் புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான், அவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டாள். ஒன்றாம் நம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் நம்பர் கை தட்டினாள். ஆறு மட்டும் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அவங்க எழுதினது இல்லக்கா” என்றாள்.

நான் சிரித்து மழுப்பினேன். பின்னே யார் எழுதினது, நானா என்றேன்.

“அவங்க கதையில யாரு வாசலுக்கு வந்தாலும் மொதல்ல தண்ணி குடுப்பாங்க. சண்டைக்கு வந்தவனா இருந்தாலும் சரி. எட்டுக் கதையிலயும் அப்டித்தான். இந்த ஆளு மூணு வாரமா அழுவுறான், ஒரு டம்ளர் தண்ணி யாரும் குடுக்கல.”

எட்டுத் தொடரையும் வரி விடாமல் வாய்விட்டுப் படித்தவள் நான். எனக்கு அது தெரியாது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பையின் உள்ஜிப்பில் இருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துக் காட்டுகிறேன் என்று கை நீட்டினேன், தரவில்லை. தானே விரலை வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். நோய் என்ற சொல் வந்ததும் ஒன்றாம் நம்பர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. வேலூர் என்ற இடம் வந்ததும் ஆறின் விரல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

வேலூரிலா இருந்தார்கள் என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். இப்போது எங்கே என்று கேட்டாள். அந்த வாரப் பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. அம்மா வேலூரிலிருந்து தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார் என்று. அதையும் சொன்னேன்.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் போயிருக்கலாம். உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நின்றுவிட்டாவது வந்திருக்கலாம். எல்லோர் முகத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க அம்மாவுக்கு இன்னான்னு எங்கண்ணன் கடைசி வாரம் வரைக்கும் எங்கிட்ட சொல்லல. வேலைக்குப் போற பொண்ணு, மனசு ஒடிஞ்சிடும்னான்” என்றாள் ஆறு. அவள் குரல் உயரவே இல்லை. “நீ மறைச்சது அவங்க நோவை இல்லக்கா. அவங்க நம்ம பக்கத்துல இருந்ததை மறைச்சிட்டே.”

பெல் அடித்தது. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு மதியம் முழுக்க என் தையல் கோணிக்கோணிப் போனது. ஆறு என் பக்கம் திரும்பவில்லை. நாலு நாள் அப்படியே போயிற்று. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேசாவிட்டால் அது எவ்வளவு பேஜார் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் நாள் அவளே வந்தாள். ஒரு லெட்டர் எழுதணும், உன் கையெழுத்துத்தான் நல்லாருக்கும் என்றாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். அது போகட்டும் எழுது, நேரம் கம்மியா இருக்கு என்றாள்.

ஆளுக்கு நாலு வரி சொன்னார்கள், நான் எழுதினேன். மூன்றாம் நம்பர், அம்மாவின் ஒரு கதையைக் கேட்டபிறகுதான் தன் மகளைக் காலேஜுக்கு அனுப்பியதாகச் சொன்னாள். ஆறு தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். அவள் இல்லாதபோது நானும் ஒன்றைச் சேர்த்து எழுதினேன். உங்களுக்கு உடம்பு முடியாததை மறைத்து, உங்கள் பெயரில் மூன்று வாரம் பொய்க்கதை சொன்னேன், உங்களைப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பை இவர்களுக்கு இல்லாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று. கீழே என் போன் நம்பரை எழுதிப் பத்திரிகை முகவரிக்குப் போட்டேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் வரும்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அம்மாவின் மகள் அனுப்பியிருந்தார். கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அதனால் கேட்டுக்கு வெளியே ஆறு பேரும் தலையோடு தலை ஒட்டி நின்று கேட்டோம். நேரமாச்சு, நேரமாச்சு என்று விரட்ட வந்த வாட்ச்மேனும் எங்களோடு நின்று கேட்டார்.

அப்படி மெலிந்த குரலை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். லெட்டரை மகள் மூன்று தடவை படித்துக் காட்டினாளாம். நாற்பது வருஷமா எழுதறேன், தண்ணி குடுக்கிறது எனக்கே தெரியாதேம்மா என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. பொய்க்கதை சொன்னவளை யாரும் திட்டக் கூடாது, நான் தினமும் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள் என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முடிந்துவிட்டது என்று நான் போனைக் கீழே இறக்கப் போனேன். அப்போது மறுபடி பேசினார்.

“அவ அவனோட போகமாட்டாம்மா. தண்ணி குடுப்பா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பா. டம்ளரைத் திருப்பி வாங்கிட்டு, கதவைச் சாத்திடுவா. அவ்வளவுதான் கதை. எழுத முடியல, உங்ககிட்ட சொல்லிட்டேன்.”

ஆறு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவள் அம்மா போனதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன். அன்றைக்கு ஆறு பேருக்கும் லேட் போட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை, பஸ்ஸில் போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ஆறு வேறு பஸ்ஸில் வருபவள். நான் போகும்போது மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மடக்குக் குடித்தாள்.

“எப்போ?” என்றாள்.

விடிகாலையில் என்றேன். பாட்டிலை மூடித் திருப்பித் தந்துவிட்டு, சொன்னியே, அது போதும்கா என்றாள்.

ஒன்பதாவது தொடரையும் அவள் தைத்துவிட்டாள். அம்மா சொன்ன முடிவை நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப்பக்கத்தை அதற்கு முன்னால் வைத்துத் தைத்திருக்கிறாள். நான் கதைவிட்ட மூன்று வாரத்துக்கு அதில் இடம் இல்லை, அதுதான் நியாயமும்கூட. இப்போதெல்லாம் ஒருவரிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தால் நான் மறைப்பதில்லை. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறேன், அவர்கள் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கிறேன், பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.