பியானோவுக்குள் வறுத்த அரிசி

மலாயாவில் அவசரகாலத்தில், லூபோக் சீனா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலில் அரிசிதான் முதல் எதிரி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலிக்கு வெளியே ஒரு பிடி கொண்டுபோனாலும் விசாரணையில்லாமல் லாக்கப்; பிறகு நாடுகடத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பல். பிற்காலத்தில் முப்பது வருடம் அரசாங்க விண்ணப்பப் பாரங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு, இதைவிடச் சுருக்கமான நடைமுறை எதுவும் கண்ணில் பட்டதில்லை.

துரையின் மனைவியான துரைசானி, கல்யாணத்துக்கு முன் தம் நாட்டில் பெரிய மண்டபங்களில் பியானோ வாசித்தவர். நீளக் கவுனில் அவர் குனிந்து நிற்கும் படமொன்று பங்களாவில் இருந்தது. அத்தனை பேர் எதிரில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று ஏழு வயதில் நினைத்திருந்தேன்.

அங்கே ஆயாவாக இருந்தவர் என் அத்தை. மழையில் பியானோக் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொண்டபோது, உப்பு ஜாடிக்குச் செய்யும் வைத்தியத்தையே அதற்கும் செய்தார். ஈரத்தை உறிஞ்ச, ரேஷனில் மிச்சம் பிடித்து வறுத்த அரிசி, பியானோவுக்குள் ஆறு பை. பழைய புடவையில் பைகளைத் தைத்தது நான். துரைசானியிடம் சொல்லவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, அந்த வருடம்தான் துரைசானிக்கு மலாக்கா டவுனில் ஒரு கச்சேரி அமைந்தது. ஒரு மாதம் விடாத பயிற்சி. அன்று காலை லாரியில் ஏற்றிய பியானோவை, வாசலில் தமிழ்ச் சார்ஜன்ட் திறந்து பார்த்தார். ஒரு பையை எடுத்துப் பிரித்தார்.

"இது யாரு வச்சது? சொல்லுங்க லா."

சோதனை வரிசையில் நின்ற அத்தை என் தோளை இறுகப் பிடித்தார்.

"மாமா, அந்தப் பைய..." என்று பெருமையாக ஆரம்பித்தேன்.

துரைசானி புடவைத் துணியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். லாரியில் ஏறி, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரப்பர்ப் பால் வாளியோடு நின்ற பெண்கள் அசையவில்லை. சார்ஜன்ட்டும் பையும் கையுமாக முடியும்வரை நின்றார். நிறுத்தச் சொல்லும் விதி எதுவும் அவரிடம் இல்லை.

முடித்ததும் துரைசானி, ஆட்களிடம் வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழில் சொன்னார்:

"நான் வச்சேன். நீ எழுது."

சார்ஜன்ட் எழுதினார். துரைசானிகளை லாக்கப்பில் போட யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பியானோவை வெளியே கொண்டுபோகும் பெர்மிட்டை ரத்து செய்து லாரியைத் திருப்பி அனுப்பினார். கச்சேரி நடக்கவில்லை. பிறகும் நடக்கவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதார். எனக்கும் அழுகைதான். தைத்தது நான், பெயர் வாங்கிக்கொண்டது துரைசானி. இனி எத்தனை மழை பெய்தாலும் அந்தப் பியானோவுக்கு ஒரு பைகூடத் தைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.