கட்டுரையைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போ

நேற்று கடையத்து ஆய்வு மாணவி ஒருத்தி தன் கட்டுரையை இணையத்தில் எனக்குத் திறந்து விட்டிருந்தாள். ஒரு வரியின் ஓரத்தில் ‘இது தேவையா?’ என்று தட்டினேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தது: ‘தேவைதான் சார், ஏன்னா...’ திரையில் அவள் பெயர் தாங்கிய கோடு என் வரிக்குப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. அவளைச் சொல்லி என்ன, அந்த வயதில் நானும் துடித்தவன்தான். ஆனால் எங்களுக்கு நடுவில் ஓர் அருவி இருந்தது.

நிஜ அருவிதான், நம்புங்கள். அப்போது தென்காசியில் ஒரே கல்லூரியில் நாங்கள் மூன்று பேர் தற்காலிக விரிவுரையாளர்கள்: நான், தாவரவியல் பார்வதி, தறிச் சத்தத்தில் வளர்ந்து பொருளாதாரம் நடத்த வந்த சேகு. எங்களில் யார் கட்டுரை எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமை பழைய குற்றாலத்துக்குப் போவோம். டீக்கடை பெஞ்சில் தாள்களை வைத்துவிட்டு எழுதியவர் குளிக்கப் போய்விட வேண்டும். மற்ற இருவரும் திருத்தி முடித்துக் கைகாட்டும்வரை திரும்பக் கூடாது. சேகு போட்ட சட்டம்.

“எழுதினவன் பக்கத்துல இருந்தா வக்கீல் மாதிரி வாதாடுதான்லே. தலையில கொஞ்சம் தண்ணி விழட்டும்.”

தேங்காய் எண்ணெயும் ஈரத்துண்டும் கலந்த வாடை எங்கே வந்தாலும் இன்றும் யாராவது கைகாட்டுகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பரீட்சை முடிவு வருகிற வாடை அது.

ராயகிரிப் பக்கத்துக் குளத்துப் பாசனம் பற்றிய என் கட்டுரையை ஆய்விதழ் இரண்டு முறை திருப்பியிருந்தது. அந்த ஞாயிறு என் முறை. கடைசி வாய்ப்பு, மறுநாள் திங்கள்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். அச்சேறாவிட்டால் அடுத்த ஆண்டு வேலை இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சாரல் காற்றில் விரல்நுனி சுருங்கச் சுருங்க நின்றேன். கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தால் சேகு கையை வீசி விரட்டுவான்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் என் முதல் நான்கு பக்கங்களின் மேல் சுடச்சுட வடை.

“கோவப்படாத, நாலு பக்கமும் படிச்சிட்டுத்தான் வச்சோம்,” என்றாள் பார்வதி. “மேகம் கறுக்குது, தவளை கத்துது, மழை பெய்யுது. மடை எப்பத்தான் தொறப்ப?”

“ஏலே, உன் கண்டுபிடிப்பு பதினோராம் பக்கத்து அடிக்குறிப்புல கெடக்கு,” என்றான் சேகு.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் அந்த ஊரார், வழக்கத்துக்கு மாறாக, குளத்துக்குத் தூரத்தில் இருக்கிற கடைமடை வயலுக்குத்தான் முதலில் பாய்ச்சினார்கள். வயலில் நின்ற ஒரு பெண் போகிற போக்கில் சொன்னது. அதைப் பொடி எழுத்தில் ஒதுக்கிவிட்டு, நான்கு பக்கம் மழையில் நனைந்திருக்கிறேன். வாதாட வாயைத் திறந்தேன், பற்கள் தந்தியடித்தன. குளிர் செய்த உபகாரம். அங்கனயே உட்கார்ந்து கடைசியை முதலுக்குக் கொண்டுவந்தோம். முடிவில் இருவருக்கும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன். பார்வதி அதையும் அடித்தாள்: “எடம் பத்தாது. மடையை எழுது.”

கட்டுரை அச்சேறியது. வேலை நிலைத்தது. இன்றுவரை அந்தச் சோறுதான். சேகு வளைகுடாவில் இருக்கிறான், பார்வதி கோயம்புத்தூரில். பெஞ்சு கிடந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.

மாணவிக்கு எழுதினேன்: ‘ஒரு மணி நேரம் இதை மூடிவிட்டு எங்கேயாவது போய்விட்டு வாம்மா.’

‘எங்க போக, சார்?’

நல்ல கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை சேகுவும் பார்வதியும் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அப்பால், டீ ஆறுவதுகூடத் தெரியாமல், இரண்டு தலைகள் என் தாள்களின் மேல் குனிந்திருந்தன.