லைன்லதான் இருக்கேன்

என் தங்கை வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. புதிதாக மாட்டுகிற வேலை இல்லை. மாட்டியது நடுவில் நின்றுபோனால் ஓடிப்போய் உள்ளே இருப்பவரை வெளியே எடுக்கிற வேலை. எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்கள் பலவற்றிலும் லிஃப்டுக்குள் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று இருக்கும். சிக்கிக்கொண்டவர் அதை அழுத்தினால் மணி அடிப்பது எங்கள் மாப்பிள்ளையின் சட்டைப் பையில். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தலையில் சோப்பு நுரையோடு நின்றாலும் சரி, எடுத்தாக வேண்டும். அந்த போன் அவர் உடம்பில் ஓர் உறுப்பு என்று நாங்கள் கேலி பேசுவோம். பேசிப் பேசி அது நிஜமாகவே ஆகிவிட்டது.

நான் தங்கைக்கு மூத்தவன், கட்டைப் பிரம்மச்சாரி. கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் லென்ஸ் பொருத்துவது என் பிழைப்பு. தங்கை குடியிருக்கிற கட்டடத்திலேயே, தரைத்தளத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு மட்டும் மூன்றாம் மாடியில், தங்கை வீட்டில். ஓசிச் சோறு தின்கிறவனுக்கு வாய் நீளக் கூடாது என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் நீளம்தான்.

மாப்பிள்ளை அந்த அவசர போனில் பேசுவதைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உள்ளே மாட்டியவர் அழுவார், கத்துவார், மூச்சு வாங்குவார். இவர் குரல் ஏறவே ஏறாது. "பயப்படாதீங்க. காத்து வந்துகிட்டுதான் இருக்கும். கதவைத் தள்ளாதீங்க. நான் லைன்லதான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க, அவசரமே இல்ல." அவர் தொழிலில் இரண்டு சட்டம். ஆள் வெளியே வரும்வரை லைனை வெட்டக் கூடாது. அவர்கள் சொல்ல வருவதை நாம் முந்திக்கொண்டு சொல்லி முடிக்கக் கூடாது. "பயந்தவன் வாயில நாம வார்த்தைய ஊட்டினா அவன் எல்லாத்துக்கும் ஆமாம்பான் மச்சான். அப்புறம் தப்பான பில்டிங்ல போய் நின்னுகிட்டு முழிக்கணும்" என்பார்.

இவ்வளவு பொறுமையும் ஊருக்கு. வீட்டுக்கு வரும்போது ஆள் சக்கையாக வருவார். அதில் எனக்குக் குறையில்லை. நாள் முழுக்க கிரீஸும் தூசியும் மற்றவர் பயமும் தின்றுவிட்டு வருகிற மனுஷன். சோபாவில் விழுவார். யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று போனை எடுப்பார். யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் எடுத்த போனை வைக்க வேண்டுமே! யாரோ பாம்பு பிடிப்பார்கள், யாரோ பழைய வண்டிக்குப் பெயின்ட் அடிப்பார்கள், யாரோ இரண்டு பேர் கெட்ட வார்த்தையில் சண்டை போடுவார்கள். கட்டை விரல் மட்டும் நகரும். முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. களைத்தவனுக்கு அது ஒரு தலையணை, அவ்வளவுதான். என் தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை, அடுப்படியில் அவளுக்கும் ஒன்று ஓடும். நானும் யோக்கியன் இல்லை. எல்லோருமே களைத்துப்போய்த்தான் இருந்தோம்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். தங்கை மகள், எங்கள் குட்டி. அவளுக்குப் பேச்சு திக்கும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ககரமும் பகரமும் அவளுக்கு ஜென்ம விரோதிகள், பதற்றம் வந்தால் மற்ற எழுத்துகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு சொல் வாசலில் வந்து நிற்கும், வெளியே வராது. அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. மாப்பிள்ளைக்கு அந்தச் சும்மாதான் முடியவில்லை. பேச்சு நடுவில் நின்றால் அவர் கண் கீழே போய்விடும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வெறும் பழக்கம். மகள் அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு வந்து சேரும்போது அப்பா அங்கே இருக்க மாட்டார். "சூப்பர்டா கண்ணு" என்பார். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு" என்று தங்கை சொன்னதற்கும் ஒரு நாள் சூப்பர் என்றார். அதை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். குட்டி சிரிக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் அப்பாவிடம் பேசுவதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையிலிருந்து மெசேஜ் அனுப்புவாள். ‘அப்பா, பென்சில் வேணும்.’ ‘அப்பா, நாளைக்கு லீவு.’ இவர் கூடத்திலிருந்து கட்டை விரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். நடுவில் ஒரு சுவர்தான். "பார்த்தீங்களா மச்சான், எழுத்துல ஒரு தடங்கல் கிடையாது. என்னமா எழுதுறா!" என்று என்னிடம் பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ ஊமையாகிட்டு இருக்கா மாப்பிள்ளை, நீங்க கைதட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன். முகம் சுருங்கிப்போனது. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். நான் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொள்வதற்குள் அது மறுபடியும் நிமிர்ந்துவிட்டது.

என் தங்கை அதற்கெல்லாம் முன்னாலேயே சொல்லி ஓய்ந்துவிட்டாள். "விடுண்ணே. செவிடன் காதுல ஊதின சங்கு. நான் எத்தனை தடவைதான் ஊதுறது?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம். நானும் மாப்பிள்ளையும் கூடத்தில் இருந்தோம். தங்கை குட்டியிடம் குப்பைக் கூடையைக் கொடுத்துக் கீழே கொட்டிவிட்டு வரச் சொன்னாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கண் போனில்தான் இருந்தது. ஆனாலும் திரையில் எந்த லிஃப்டின் பெயர் வந்தது என்று பார்க்கவில்லை, விரல் தானாகத் தள்ளிவிட்டது.

"பயப்படாதீங்க. நான் லைன்லதான் இருக்கேன். எந்த பில்டிங்?"

மூச்சு மட்டும் கேட்டது.

"அவசரமே இல்லீங்க. மெதுவா சொல்லுங்க."

"ப..." என்றது போன். "ப... ப..."

எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்தார். சோபாவிலிருந்து எழுந்து, செருப்புகூடப் போடாமல், ஸ்பீக்கரில் இருந்த போனை வாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன்.

லிஃப்ட் நின்றுபோகவில்லை. கதவுக்கு மேல் எரிந்த எண்படி கீழே, தரைத்தளத்தில், கதவை மூடிக்கொண்டு நல்லபடியாகத்தான் நின்றது. அதற்குள் நின்றுதான் எங்கள் குட்டி மஞ்சள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அந்தப் பக்கமிருந்து பேசினால்தான் அப்பா கேட்பார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் மாடியில் பொத்தானை ஒரு தட்டு தட்டியிருந்தால் அவள் மேலே வந்திருப்பாள். மாப்பிள்ளை தட்டவில்லை. மேலே வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்திருப்பார். யாரும் தட்டாதபடி பொத்தான் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அவள் பெயரையும் சொல்லவில்லை. வேற்றாளிடம் பேசுகிற மாதிரியே, "நான் இருக்கேன். நீங்க சொல்லுங்க" என்றார்.

"ப... பயமா இருக்கு."

"எதுக்குங்க பயம்?"

அதற்குப் பதில் வர வெகு நேரம் ஆனது. எதிர் வீட்டுக்காரர் கையில் பையோடு வந்து நின்றார். "லிஃப்ட் ரிப்பேருங்களா?" "வேலை நடந்துகிட்டு இருக்கு, கொஞ்சம் படியில இறங்கிடுங்க" என்றேன் நான். அவர் முனகிக்கொண்டே இறங்கினார். என் தங்கை கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

போனிலிருந்து துண்டு துண்டாக வந்தது. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டுமாம். திங்கட்கிழமை அவள் முறை. போன தடவை முதல் வரியிலேயே சிரித்துவிட்டார்களாம். இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம். "அப்பாகிட்ட சொ... சொன்னேன். சூப்பர்னு சொ... சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். சத்தம் வராமல் அழுதார். ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை. எத்தனை வருஷத் தொழில்! "கேட்டுகிட்டுதான் இருக்கேன். இன்னும் சொல்லுங்க" என்றார்.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு அவளாகவே மேலே வந்தாள். கதவு திறந்தது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். காலிக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் தாண்டி உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். கதவு அன்றைக்குத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போனார். அவள் வார்த்தையை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம், எவ்வளவு நேரமானாலும் அவளே வாசிக்கட்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். அவள் வாசித்தாள். சிலர் சிரிக்கத்தான் செய்தார்களாம். சாயங்காலம் களைத்துப்போய் வந்து தூங்கிவிட்டாள்.

மாப்பிள்ளை பட்டன் போன் ஒன்று வாங்கினார். அவசர அழைப்பெல்லாம் இனி அதில் வரும்படி கம்பெனியில் மாற்றிக்கொண்டார். டச் போன் வீட்டுக்குள் வந்ததும் அடுப்படி அலமாரிக்குப் போய்விடும். சாவி என் தங்கையிடம் என்று எழுத ஆசைதான், ஆனால் அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது. முதலில் மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சோபாவில் உட்காருவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், வருவார். "கை எங்க வைக்கிறதுன்னே தெரியல மச்சான்" என்றார். "மடியில வைங்க, பத்திரமா இருக்கும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கேலியெல்லாம் அப்போது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெறும் களைப்பைக் களைப்பாகவே உட்கார்ந்து அனுபவிப்பது லேசான காரியமில்லை. இத்தனை நாள் அதை மூடி வைக்க ஒன்று இருந்தது.

குட்டியும் உடனே ஓடி வந்து அப்பா மடியில் ஏறிவிடவில்லை. எப்போதாவது ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள், பாதியில் வேண்டுமென்றே நிறுத்துவாள், அவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பாள். கண் அங்கேயே இருக்கும். ஆனாலும் "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவாள். கண் சம்பந்தப்பட்ட தொழில் என்னுடையது. அவள் சோதிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இதற்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றும் தெரிந்தது.

பிறகு ஒரு நாள், மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளை போனார். போனவர் போனவர்தான். சாப்பாடு ஆறுகிறது, கூப்பிட்டு வா என்று குட்டியைத் தங்கை அனுப்பினாள். அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். பின்னாலேயே அவர் வந்தார். கையில் டச் போன். திருட்டு முழி என்றால் அன்றைக்கு அவர் முழித்ததுதான். போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து தட்டு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தார். என் தங்கை ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அலுத்துவிட்டது.

குட்டி மட்டும் உட்காரவில்லை. அவர் எதிரே நின்றாள்.

"நீங்க பொ..." என்றாள். "பொ... பொ..."

அவர் தலையை நிமிர்த்தினார். அந்தச் சொல் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"பொய் சொன்னீங்க" என்றாள் கடைசியில். பிறகு நிற்கவில்லை. "தண்ணி பா... பார்க்கப் போறேன்னு பொய் சொன்னீங்க. நான் பேசும்போதெல்லாம் கீ... கீழ பார்ப்பீங்க. அப்ப எனக்கு வா... வாயே வேணாம்னு இருக்கும். லிஃப்டுல மாட்டினவங்கன்னா மட்டும் கே... கேட்கிறீங்க. நான் வீட்டுக்குள்ளதானே இருக்கேன்? வீட்டுக்குள்ள இருந்தா கே... கேட்க மாட்டீங்களா?"

மாப்பிள்ளை ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"தப்புதான் கண்ணு" என்றார். "இன்னும் இருக்கா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அடுத்த சொல் வரவில்லை. வரும் என்று மூன்று பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"நி... நி... நிறைய இருக்கு" என்றாள்.

"சொல்லு" என்றார். தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்.