பல்செட் அக்காவின் ஆபோகி

மேல்வரிசை முன்பற்களை மெழுகில் பதிக்க உட்காரும்போதுதான் பல்செட் அக்கா அந்தப் பாட்டைப் போடுவார். கீழ்வரிசைக்குக் கிடையாது. கடைவாய்ப் பற்களுக்கு அறவே கிடையாது. "கடவாய்ப்பல்லு யார் கண்ணுல படப்போகுது? அதுக்குப் போய் நல்ல பாட்டைச் செலவு பண்ணுவாங்களா?" என்பார். பாட்டு என்பது சோப்பு மாதிரி, கண்டதற்கும் எடுத்தால் கரைந்துவிடும் என்பது அவர் கட்சி.

பல் மருத்துவர்கள் நோயாளியின் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அக்கா அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, தாடையைப் போல் திறந்து மூடும் பித்தளைச் சட்டத்தில் மாட்டி, மெழுகு தடவி, ஒவ்வொரு பல்லாக நடுவார். வீட்டு மாடியில் ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டி மேசை, மேசையில் ஸ்பிரிட் விளக்கு, விளக்கில் காட்டிச் சூடேற்றும் சின்னக் கத்தி. அலமாரித் தட்டுகளில் முகமில்லாத சிரிப்புகள் காய்ந்துகொண்டிருக்கும். கணவர் முன்பு தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு முடிந்த பல்செட்டுகளைப் பெட்டியில் வைத்து, சீட்டு ஒட்டி, மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பேச்சு குறைவு. பேச்சையும் கிடங்குக் கணக்கில் வைத்துவிட்டு வந்தவர் என்று அக்கா சொல்வார்.

யாரைப் பார்த்தாலும் அக்காவின் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "நல்ல பையன். கீழ்ப்பல்லு ரெண்டு கொஞ்சம் நெருக்கியடிச்சு நிக்குது, மத்தபடி தங்கம்" என்று பதில் வரும். ஆனால் அவரே செய்யும் பல்வரிசையில் எங்காவது ஒரு பல்லை ஒரு மயிரிழை திருப்பி வைப்பார். எல்லாம் சிப்பாய் மாதிரி நின்றால் பொய்ப்பல் என்று தெருவே சொல்லிவிடுமாம். "கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் சொந்தப்பல்லு மாதிரி இருக்கும். மனுசங்களும் அப்படித்தானே?"

அந்தப் பாட்டு ஓடாத படம் ஒன்றில் வந்த காதல் பாட்டு. கதாநாயகன் யார் என்று கேட்டால் அக்கா யோசிப்பார். நாயகிக்கு ஒரு தெத்துப்பல் இருந்தது மட்டும் நினைவிருக்கும். பாட்டு அப்படியல்ல, அது அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். முதலில் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஆண் குரல் தனியாகக் கேட்கும், வரலாமா என்று. பெண் பதில் சொல்ல மாட்டாள். வெறும் ஹம்மிங். தபலா சேரும், அவன் மறுபடி கேட்பான், காற்றைச் சாட்சிக்குக் கூப்பிடுவான், நிலவைத் தூது அனுப்புவான். அவள் அதற்கும் முணுமுணுப்போடு சரி. இரண்டாவது சரணத்தில் அவன் ஒவ்வொரு வரியாகக் கேட்க, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உச்சத்தில் ஒரு புல்லாங்குழல் மெல்ல வந்து பதில் சொல்லும். வெட்கப்படுகிற பெண் வாயால் சொல்லாததைக் குழல் சொல்லிவிட்டுப் போகும். கடைசியில்தான் அவள் "ம்" என்பாள். ஒரே ஒரு "ம்". பாட்டு முடிந்துவிடும்.

"அந்த 'ம்' முக்கியமில்ல," என்பார் அக்கா. "அதுக்கு முன்னாடியே குழல் சம்மதம் சொல்லிடுச்சு. அவனுக்குத்தான் புரியல, ஆம்பளதானே."

கணவரின் தங்கை வாய்ப்பாட்டு கற்றவர், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறார். ஒருமுறை வந்திருந்தபோது இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "ஆபோகி ராகம் அண்ணி" என்றார்.

"அப்படின்னா?"

நாத்தனார் பாடிக் காட்டினார். ச, ரி, க, ம என்று படிப்படியாக ஏறி, ஒரு கணம் நின்று, சட்டென்று 'த'வுக்குத் தாவினார். "நடுவுல பஞ்சமம்னு ஒரு படி இருக்கணும். இந்த ராகத்துல அது கெடையாது. தாண்டித்தான் போகணும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "அதான் சங்கதியா? அந்த எடத்துல வயித்துக்குள்ள ஜிவ்வுன்னு ஒண்ணு ஆகும். எனக்கு மட்டும்தான் ஆகுதோன்னு நெனச்சேன்."

"எல்லாருக்கும் ஆகும் அண்ணி. அதுக்காகத்தானே அந்தப் படிய எடுத்துட்டாங்க."

அன்றைக்கு முழுக்க அக்கா மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஒரு படியைத் தாண்டி ஏறினார். முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

பாட்டு கெட்டுப்போனது புது செல்போன் வாங்கிய பிறகு. அப்படித்தான் அக்கா முதலில் நினைத்தார். "இதுல புல்லாங்குழலை எடுத்துட்டாங்க. புதுசா சுத்தம் பண்றேன்னு போட்டிருக்கான், சுத்தமாத் தொடச்சிட்டான்." கணவர் கேட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கும்மா. கேக்குதே" என்றார்.

"எனக்குக் கேக்காதது உங்களுக்கு மட்டும் எங்கேருந்து கேக்கும்?"

மகளின் போனில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் குழல் இல்லை. பரணிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரை இறக்கி, தூசி தட்டி, கணவர் எங்கோ அலைந்து அந்தக் கேசட்டைத் தேடி வந்தார். நாடா இழுத்து இழுத்து ஓடியது. தபலா வந்தது. அவன் கேட்டான். குழல் வரவில்லை.

"கேசட்லயும் எடுத்துட்டானுங்களா?" என்று கேட்டுவிட்டு அக்காவே சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, கேசட்டை உறைக்குள் போட்டு மூடி வைத்தார்.

அதே சமயம் அக்கா இன்னொரு விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லைத் தேய்த்து மெருகேற்றும் மிஷினைப் பற்றி. முன்பெல்லாம் அது குளவி மாதிரி கத்தும், இப்போது எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டுப் பழகிவிட்டது, சத்தமே இல்லை என்று. "வயசானா மிஷினுக்கும் அடக்கம் வந்துடுது பாத்தியா."

நாத்தனார் மறுபடி வந்த ஒரு மத்தியானம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணம். அவன் முதல் வரியைக் கேட்டான். பிறகு தபலா மட்டும். அக்கா தற்செயலாக நிமிர்ந்தார். நாத்தனாரின் கண்கள் மூடியிருந்தன. தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளங்கை தொடைமேல் தட்டாமல் மேலேயே நின்றது, விரல் மட்டும் காற்றில் ஏதோ ஒன்றின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கணவரும் கையை நிறுத்திவிட்டிருந்தார். அவன் அடுத்த வரியைத் தொடங்கியதும் இருவரும் திரும்பி வந்தார்கள்.

இரண்டு பேரும் எங்கே போய் வந்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். எத்தனையோ வருடம் அவரும் போய் வந்த இடம். இப்போது அவர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து நாத்தனார் கிளம்பிப் போனதும், அக்கா மிஷினின் பெடலை மிதித்து, சுழலும் முனையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கன்னத்தில் காற்று பட்டது. சத்தம் எங்கோ அடுத்த தெருவில் இருந்தது.

"ஏங்க, இது கத்துதா?"

கணவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். "கத்துதும்மா. எப்பவும் போலத்தான் கத்துது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒனக்கு வருத்தமா இருக்கும்னு..."

அதன் பிறகும் காது பார்க்கும் இடத்துக்குப் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு வேலை, நாளைக்குச் சளி, மறுநாள் தூரம். பல்செட் வாங்கப் போகிறவர்கள் பல்லின் நிறம் பார்க்க மாடிக்கு வருவதுண்டு. வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவார்கள். அவர்களிடம் அக்கா வழக்கமாகச் சொல்வது: "போனது போயிடுச்சு. வச்சுக்கிட்டா கடிக்கலாம், வெக்கப்பட்டா கஞ்சிதான். ரெண்டுல ஒண்ணு." ஒருநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லி முடித்தவர், அப்படியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். தபால்காரர் படியிறங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போயிட்டு வந்துடலாம்" என்றார் கணவரிடம்.

பஞ்சு பதித்த சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அழுத்தலாம் என்று அக்கா முயன்றார். அவள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவள், முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். முடிவில் ஒரு கோடு போட்ட படத்தைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், சறுக்குமரம் போல இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதும்மா. மேல போகப் போகத்தான் போயிடுச்சு. மிஷின் பக்கத்துல வேலையா?"

"ஆமா. கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

"திரும்ப வராதும்மா. கருவி வச்சுக்கலாம்."

"புல்லாங்குழல் கேக்குமா?"

அந்தப் பெண்ணிடம் எல்லோரும் பேரப்பிள்ளை பேசுவது கேட்குமா, தொலைக்காட்சி கேட்குமா என்றுதான் கேட்பார்கள் போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாப்போம்மா" என்றாள்.

கருவி மாட்டிய முதல் நாள் உலகம் இரைச்சலாக வந்து இறங்கியது. காகிதம் அலறியது. சாவிக்கொத்து உடைந்த கண்ணாடி போல் விழுந்தது. தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்த்தார். பெடலை மிதித்ததும் மிஷின் குளவியாகவே இருந்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு மேல்வரிசை வேலைக்கு உட்கார்ந்து பாட்டைப் போட்டார். இரண்டாவது சரணத்தில் குழல் வந்தது. வந்தது என்னவோ உண்மை. ஆனால் நடுங்கிக்கொண்டு, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ அழுவது போல. ஒவ்வொரு தாவலிலும் தொண்டை அடைத்து அறுந்தது. அக்கா கருவியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினார்.

"கேக்காமலே இருந்திருக்கலாம்," என்றார். "அப்ப ஞாபகமாவது நல்லா இருந்துச்சு."

இரண்டு மூன்று நாள் அவர் பாட்டே போடவில்லை. முன்பற்களும் மௌனமாகவே நடப்பட்டன. கணவர் ஒரு மருத்துவமனைக்குப் பெட்டி கொடுக்கப் போனவர், வழியில் காது பார்க்கும் பெண்ணிடம் நின்று, தன் பங்குக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு அது பெரிய பிரசங்கம். "பாட்டோட வரச் சொன்னா," என்றார் வீட்டுக்கு வந்து.

போனார்கள். அந்தப் பெண் பாட்டை முழுக்கக் கேட்டாள். குழல் வந்த இடத்தில் புருவத்தை உயர்த்தினாள். "அதாம்மா விஷயம். இந்தக் கருவி சில நேரம் தானே விசிலடிக்கும். அதை அடக்க உள்ளயே ஒரு ஏற்பாடு இருக்கு. குழலைக் கேட்டதும் தன்னோட விசில்னு நெனச்சு, போட்டு அமுக்குது."

"முட்டாள் மிஷினா இருக்கே."

"பேச்சுக்குன்னு செஞ்சதும்மா, அதுக்குப் பாட்டு தெரியாது." அவள் கணினியில் எதையோ மாற்றினாள். மாற்றிவிட்டு, பாட்டுக்கென்று தனியாக ஒரு அமைப்பு, இந்தப் பொத்தானை அழுத்தினால் வரும் என்று காட்டினாள். மறுபடி பாட்டைப் போட்டாள்.

அவன் கேட்டான். குழல் வந்தது. மூங்கில் குழல் இல்லை, கொஞ்சம் தகரம் கலந்த குழல். ஆனால் நடுங்காமல் நின்றது. ம-விலிருந்து அந்த இல்லாத படியைத் தாண்டிக் காலை வைத்தது. அக்காவின் கை வயிற்றுக்குப் போனது.

"எப்படிம்மா இருக்கு?"

"பழையபடி இல்ல," என்றார் அக்கா. பிறகு, "ஆனா பதில் சொல்லுறா. அது போதும்."

இப்போது மாடி அறையில் மறுபடி மேல்வரிசைக்குப் பாட்டு உண்டு. அப்படி ஒரு மத்தியானம். அக்கா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பள்ளி ஆசிரியைக்கு முன்பல் நட்டுக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் கணவர் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்தில் அவன் கேட்டு முடித்தான், குழல் எழுந்தது, குழலுக்கு அடியில் இன்னொரு குரலும் எழுந்தது. கரகரத்த, மூக்கால் வருகிற, பாதி மூச்சாகவே இருக்கிற குரல். சுருதி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். குழல் போகும் இடமெல்லாம் விடாமல் பின்னாலேயே போனது.

அக்கா திரும்பினார். கணவர் உடனே நிறுத்தினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பசை காஞ்சிடுச்சான்னு பாத்தேன்," என்றார் அக்கா.

"காயல."

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடம் ஒரே அறையில் இந்த மனிதர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். மிஷின் சத்தத்துக்கு அடியில், பாட்டுக்கு அடியில், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில். அவன் அடுத்த வரியைக் கேட்டான். குழல் வந்தது. பின்னால் சத்தமில்லை. அக்கா கத்தியை விளக்கில் காட்டினார், மெழுகின் மேல் குனிந்தார், காதில் எதுவும் விழாதவர் போலத் தோளைத் தளர்த்திக்கொண்டார்.

அதற்கடுத்த வரிக்குக் கரகரப்பு மெல்லத் திரும்பி வந்தது. அக்கா நிமிரவில்லை. சூடேற்றிய கத்தியை மெழுகில் வைக்காமல், அது ஆறிப்போகும்வரை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.